பிறழ்வு காணும் ஆடலும் அச்சத்தின் வரலாறும்

மனிதனை அச்சுறுத்துவதற்குப் புதியதொன்று வந்து நிற்க வேண்டும் என்பதில்லை. நன்கு பழகிய ஒன்று சற்றே மாறியிருந்தால் போதும், நெஞ்சம் திடுக்கிடும். இரவில் சாத்திய கதவு காலையில் திறந்திருக்கக் கண்டவன் நிலையை எண்ணிப் பார்ப்போம். புலியைக் கண்டவன் ஓடிவிடலாம். திறந்த கதவைக் கண்டவனுக்கு ஓடுவதா நிற்பதா என்று விளங்குவதில்லை. 'நேற்று இதைச் சாத்தினோமா?' என்று அவன் முதலில் தன் நினைவையே ஐயுறுகிறான். அவ்வையத்திலிருந்தே அச்சம் முளைக்கிறது.

இவ்வுணர்வு ஒன்றையே முதலாகக் கொண்டு, பேயும் படைக்கலமும் பெரிதும் இன்றி, மிகக் குறுகிய நேரத்தில் ஆடி முடிக்கத்தக்க கணினி விளையாட்டு வகையொன்று அண்மைக் காலத்தில் உலகெங்கும் பரவியுள்ளது. 'பிறழ்வு காணும் ஆட்டம்' என்று இதனைத் தமிழில் வழங்கலாம். இளைஞரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல் ஆராய்ந்தால், தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடு முதல் மருத்துவமனை ஒளித்திரை வரை நீண்டு கிடக்கும் பழைய வரலாறொன்று இதனுள் அடங்கியிருப்பது புலப்படும். அவ்வரலாற்றின் சில பகுதிகள் கோலாலம்பூரின் வடபால் அமைந்த செலாயாங் வட்டாரத்திலேயே நிகழ்ந்தவை.

ஆட்டமும் அதன் விதியும்

இவ்வகை ஆட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது, ஜப்பானில் கொத்தாக்கே கிரியேட் என்ற பெயரில் இயங்கும் படைப்பாளர் ஒருவர் 2023 நவம்பரில் வெளியிட்ட 'எட்டாம் வழி' என்னும் பொருள்படும் 'எக்சிட் 8' ஆகும். வெண்ணிற ஓடு பதித்த நிலத்தடி நடைபாதை ஒன்றே ஆட்டக்களம். சுவரில் சில விளம்பரத் தாள்கள். மறுபுறம் சில கதவுகள். மேலே விளக்குகளும் வழிகாட்டிப் பலகையும். எதிரே கைப்பெட்டியோடு நடந்து வரும் ஓர் ஆடவர். ஆடுவோர் அப்பாதையைக் கடந்து திரும்பினால், மீண்டும் அதே பாதையே எதிர்ப்படும்.

விதி மிக எளிது. பாதையில் ஏதேனும் மாறியிருந்தால் உடனே வந்த வழியே திரும்பிவிட வேண்டும். எதுவும் மாறவில்லையெனில் திரும்பாமல் முன்னே செல்ல வேண்டும். சரியாக முடிவெடுக்குந்தோறும் பலகையில் எண் ஒன்று கூடும். எட்டாம் வழியை அடைந்தால் வெளியேறலாம். பிழை செய்தாலோ எண் மீண்டும் சுழியத்திற்கு இறங்கிவிடும். 15 நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இவ்விதியில் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, பிறழ்வு ஏதுமற்ற பாதையே தொடக்கத்தில் காட்டப்படுகிறது. இயல்பு இன்னதென்று மனத்தில் பதித்துக்கொள்ளாதவர் பிறழ்வைக் காண இயலாது. இரண்டாவது, பிறழ்வைக் காணத் தவறுவது எவ்வளவு பிழையோ, இல்லாத பிறழ்வைக் கண்டதாக எண்ணித் திரும்புவதும் அவ்வளவு பிழையே. கவனமின்மைக்கும் மிகையான ஐயத்திற்கும் தண்டனை ஒன்றே. இவ்விரண்டாம் கூறே இவ்வாட்டத்திற்குச் சிந்தனை ஆழத்தைத் தருகிறது.

ஜப்பானிய நிலத்தடிப் பாதையைப் பார்த்து வரையப்பட்ட களமாயினும், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு அஃது அயலானதன்று. செலாயாங் வட்டாரத்திலிருந்து கம்போங் பத்து நிலையத்திற்கு வந்து புத்ராஜெயா தடத்து ரயிலில் ஏறுவோர், செந்தூலுக்கு அருகே நிலத்தடிக்குள் இறங்கித் தித்திவங்சாவையும் நகர நடுவையும் அடைகின்றனர். 2023 மார்ச்சில் இத்தடம் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஒளி மிகுந்த நீண்ட பாதை, ஒரே அளவான ஓடுகள், ஒருவரையொருவர் நோக்காமல் விரையும் மனிதர் ஆகிய அனைத்தும் இங்கும் உள்ளன. நாள்தோறும் கடந்தும் எவரும் உற்று நோக்காத இடம் அது. அந்த நோக்காமையையே இவ்வாட்டம் தன் கருவியாக்கிக்கொள்கிறது.

ஆட்டத்தின் முன்னோர்

'எக்சிட் 8' வெற்றிடத்தில் தோன்றியதன்று. 2014 ஆகஸ்டில் ஹிதியோ கொஜிமா என்னும் ஜப்பானியப் படைப்பாளர் 'பி.டி.' என்ற சிறு ஆட்டத்தை வெளியிட்டார். ஒரு வீட்டின் வளைந்த நடைக்கூடத்தை மீண்டும் மீண்டும் கடப்பதே அதன் அமைப்பு. ஒவ்வொரு சுற்றிலும் வீடு சிறிது மாறும்; மாற்றம் மிக மிக அச்சமும் மிகும். அடுத்த ஆண்டே அவ்வாட்டம் விற்பனைத் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் அதன் தாக்கம் நீங்கவில்லை.

2018-இல் 'நான் கண்காணிப்புப் பணியில் உள்ளேன்' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் மற்றோர் ஆட்டம் வந்தது. அதில் ஆடுவோர் நடப்பதே இல்லை. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை, ஒரு வீட்டின் அறைகளைக் காட்டும் கண்காணிப்புக் கருவிகளின் முன் அமர்ந்திருக்க வேண்டும். நாற்காலி இடம் மாறினாலும், ஓவியம் மறைந்தாலும், அறியாத உருவம் நின்றாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கப்படாத மாற்றங்கள் பெருகினால் தோல்வி. இரவுக் காவலர் ஒருவரின் தொழிலே இங்கு அச்ச நாடகமாகியுள்ளது.

கோலாலம்பூரிலும் இதனோடு உறவுடைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. கைகான் கேம்ஸ் என்னும் மலேசிய நிறுவனம் 2017-இல் 'சிமுலாக்ரா' என்னும் உளவியல் அச்ச ஆட்டத்தை வெளியிட்டது. காணாமற்போன ஆனா என்னும் பெண்ணின் கைப்பேசி ஆடுவோர் கைக்குக் கிடைக்கிறது. அதிலுள்ள செய்திகளையும் படங்களையும் படித்து, எது இயல்பு, எது பொய் என்று உய்த்துணர வேண்டும். சிதைந்து கிடக்கும் செய்திகளின் சொற்களைப் பொருள்படுமாறு மீண்டும் கோப்பதும் ஆட்டத்தின் ஒரு கூறாகும். நடைபாதைக்கு மாற்றாக இங்கே ஒருவரின் கைப்பேசி களமாகிறது. பழகிய பொருளுக்குள் பழகாத ஒன்று ஒளிந்திருக்கிறது என்னும் கருத்து மாறவில்லை.

இவ்வகையின் செல்வாக்கு திரைப்படத்தையும் எட்டியது. 'எக்சிட் 8' ஆட்டத்தைத் தழுவிக் கென்கி காவாமுரா இயக்கிய ஜப்பானியப் படம் 2025-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஒரே பாதையை வைத்துக்கொண்டு முழுநீளப் படம் எடுக்க முடிந்ததென்றால், அப்பாதை தொடும் உணர்வு எத்துணை ஆழமானது என்பதை உய்த்துணரலாம்.

தொல்காப்பியர் காட்டும் இரு மெய்ப்பாடுகள்

அவ்வுணர்வு யாது என்பதை ஆராயத் தமிழ் மாணாக்கர் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. அவற்றுள் அச்சம் ஒன்று, மருட்கை மற்றொன்று. அச்சத்திற்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவராகிய அரசர் ஆகிய நான்கும் கூறப்படுகின்றன. நான்கும் வெளியிலிருந்து தாக்கவல்லவை. நான்கும் மனிதனினும் வலியவை.

மருட்கைக்கோ புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. முன்பு காணாத ஒன்று தோன்றுதல், ஒன்று அளவிற் பெருத்தல், மிக நுண்ணியதாதல், ஒன்று வேறொன்றாதல் என இவற்றை விளக்கலாம். இந்நான்கையும் நடைபாதையில் பொருத்திப் பார்த்தால் வியப்பே மேலிடும். சுவரின் ஓடுகளோடு ஓடாக நிற்கும் உருவம் திடீரெனத் தோன்றுவது புதுமை. விளம்பரத் தாள்கள் மெல்ல மெல்லப் பெருப்பது பெருமை. கதவின் கைப்பிடி விளிம்பிலிருந்து நடுவிற்கு நகர்ந்திருப்பது போன்ற நுண்மாற்றம் சிறுமை. தாளில் வரைந்த கண்கள் ஆடுவோரைத் தொடர்ந்து நோக்கத் தொடங்குவது ஆக்கம்.

ஆகவே, இவ்வாட்டத்தின் பிறழ்வுகளுட் பெரும்பாலானவை தொல்காப்பியர் கணக்கில் அச்சத்தின் பாற்படுவன அல்ல, மருட்கையின் பாற்படுவன. எதிரே வருபவர் கள்வர் அல்லர். பாதையில் விலங்கும் இல்லை. மருட்கை மட்டுமே மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. ஆயின் அம்மருட்கைக்கு விளக்கம் கிடைப்பதில்லை. விளக்கம் பெறாத வியப்பு நெடுநேரம் நீடித்தால் அச்சமாகத் திரிகிறது. பண்டைய இலக்கணம் தனித்தனியே நிறுத்திய இரு மெய்ப்பாடுகளுக்கு இடையே இவ்வாட்டம் ஒரு பாலம் அமைத்துள்ளது எனலாம்.

தமயந்தியும் லங்சுயாரும்

பிறழ்வு காணும் கலைக்கு இலக்கியத்தில் சிறந்த சான்று தமயந்தியின் சுயம்வரம். மகாபாரதத்தில் இடம்பெற்று, தமிழில் புகழேந்திப் புலவரின் நளவெண்பாவால் நிலைபெற்ற கதை அது. இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய நால்வரும் நளனுருக் கொண்டு அமர, அவையில் ஐந்து நளர்கள் தோன்றுகின்றனர். மாலை கையிலேந்திய தமயந்தி ஒருவனையே தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் வாழ்வே தவறும். அவள் உற்று நோக்குகிறாள். ஒருவனுடைய கண்கள் மட்டும் இமைக்கின்றன. அவன் அடிகள் நிலத்திற் படிகின்றன. அவன் சூடிய மலர் வாடுகிறது. அவனே நளன் என்று துணிகிறாள்.

இங்கே நுட்பமானதொரு தலைகீழ் மாற்றம் உள்ளது. ஐவருள் வேறுபட்டு நிற்பவன் நளன். நால்வரும் ஒரே தன்மையர். 'பெரும்பான்மை எதுவோ அதுவே இயல்பு' என்று கொண்டிருந்தால் அவள் தேவர்களுள் ஒருவருக்கே மாலை சூட்டியிருப்பாள். மனிதனின் இயல்பு இன்னதென்று அறிந்திருந்தமையால், வேறுபட்டவனே உண்மையானவன் என்று கண்டாள். வேறுபாட்டைக் காண்பது கண்ணின் தொழில். அவ்வேறுபாட்டின் பொருளை அறிவது அறிவின் தொழில்.

மலாய் மரபிலும் இத்தகைய அடையாளங்கள் உள்ளன. சிலாங்கூர் ஆட்சிப் பணியில் இருந்த வால்டர் வில்லியம் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர், தாம் திரட்டிய மலாய் நம்பிக்கைகளை 1900-ஆம் ஆண்டு 'மலாய் மாந்திரிகம்' என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். அதில் லங்சுயார் என்னும் பெண்பேய் பற்றிய செய்தி வருகிறது. அவள் பேரழகி, கணுக்கால் வரை தொங்கும் கூந்தல் உடையவள். அக்கூந்தல் அழகுக்காக மட்டும் வளர்ந்ததன்று. பிடரியிலுள்ள ஒரு துளையை மறைக்கிறது. அவளைப் பிடித்து, நகத்தையும் கூந்தலையும் வெட்டி அத்துளையை அடைத்துவிட்டால், அவள் இல்லறம் நடத்தும் எளிய பெண்ணாகவே பல்லாண்டு வாழ்வாள் என்பது நம்பிக்கை. ஊர் விழாவில் ஆடவிட்டால் பழைய உருக்கொண்டு பறந்துவிடுவாளாம்.

பேய் என்பது முற்றிலும் வேறானதோர் உயிர் என்று இக்கதை கூறவில்லை. வீட்டிலுள்ளவரைப் போன்றே இருந்து, ஒரே ஒரு சிறு குறியால் வேறுபடுவதே பேய் என்கிறது. இக்கருத்து வெள்ளித்திரையிலும் செல்வாக்குப் பெற்றது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், மரியா மெனாடோவை நாயகியாகக் கொண்டு இயக்கிய 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படம் 1957-இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. மலாய் நாட்டார் வழக்கின் பேய், இந்திய இயக்குநர் ஒருவர் கைவண்ணத்தில், இந்நாட்டு மக்கள் அனைவரின் பொது அச்சமாயிற்று.

மேலைநாட்டார் ஆய்வு

மேலைநாட்டு உளவியலாரும் இவ்வுணர்வை ஆராய்ந்துள்ளனர். 1919-இல் சிக்மண்ட் பிராய்ட் எழுதிய கட்டுரையொன்று இத்துறையின் முதல்நூல் போன்று மதிக்கப்படுகிறது. ஜெர்மானிய மொழியில் 'வீட்டுக்குரியது' என்னும் சொல்லும் 'வீட்டுக்குரியதல்லாதது' என்னும் அதன் எதிர்ச்சொல்லும் பொருளளவில் ஒன்றையொன்று தழுவி நிற்பதை அவர் எடுத்துக்காட்டினார். பழகியதற்குள்ளேயே அச்சம் உறைகிறது என்பது அவர் முடிபு. 1970-இல் மசாஹிரோ மோரி என்னும் ஜப்பானிய அறிஞர், இயந்திர மனிதன் மனிதனை ஒத்து வரவர அன்பு மிகும் என்றும், ஏறத்தாழ மனிதனாகவே தோன்றும் நிலையில் அவ்வன்பு திடீரென வெறுப்பாக மாறும் என்றும் கூறினார். நடைபாதையில் எதிரே வரும் அந்த ஆடவரின் முகத்தை நோக்குவோர் இக்கூற்றின் உண்மையை உணர்வர்.

களமும் கருதத்தக்கது. நடைபாதை என்பது எவரும் தங்கும் இடமன்று. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடக்கும் இடம். ஆர்னல்ட் வான் கெனப் என்னும் அறிஞர் 1909-இல் வெளியிட்ட நூலில், வாழ்வின் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குக் கடக்கும் இடைநிலையை எல்லாச் சமுதாயங்களும் தனிச் சடங்குகளால் சூழ்ந்துள்ளமையை விளக்கினார். தமிழருக்கு இது புதிதன்று. பகலும் இரவும் கூடும் அந்தி, தெருக்கள் கூடும் சந்தி, வீடும் வெளியும் கூடும் வாயிற்படி ஆகிய மூன்றையும் நம் முன்னோர் விழிப்போடு கடந்தனர். அந்தியில் விளக்கேற்றுவதும், முச்சந்தியில் கழிப்புக் கழிப்பதும், வாயிற்படியில் நின்று எதையும் வாங்காமையும் இவ்விழிப்பின் அடையாளங்கள். நிலத்தடி நடைபாதை இக்காலத்து முச்சந்தி.

காவலனின் கண்

பிறழ்வு காண்பது கதையிலும் ஆட்டத்திலும் மட்டும் வேண்டப்படும் திறனன்று. இரண்டாம் உலகப் போரின்போது, கதிரலைக் கருவியின் திரையை மணிக்கணக்கில் நோக்கியிருந்த வீரர்கள் எதிரியின் அடையாளத்தைத் தவறவிடுவது கண்டறியப்பட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் என்பவர் இதனை ஆராய்ந்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். கடிகாரம் போன்ற வட்டத்தில் முள் ஒன்று நொடிக்கு ஒரு படி நகரும். எப்போதேனும் ஒருமுறை இரண்டு படி தாவும். அத்தாவலைக் கண்டு அறிவிப்பதே பணி. இரண்டு மணி நேரம் நீண்ட இச்சோதனையில், முதல் அரைமணிக்குப் பின்னரே பலரின் விழிப்புக் குன்றியது. கண் திறந்திருந்தது, கவனம் உறங்கிவிட்டது. கண்காணிப்புப் பணி பற்றிய 2018-ஆம் ஆண்டின் ஆட்டம், அறிந்தோ அறியாமலோ, மாக்வொர்த்தின் சோதனையையே அச்சக் கதையாக்கியுள்ளது.

கவனம் மிகுந்திருப்பினும் காட்சி தவறக்கூடும். 2013-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஊடுகதிர்த் துறை மருத்துவர் 24 பேரிடம் நுரையீரல் படங்களைத் தந்து, கட்டிகளைத் தேடுமாறு கூறினர். சில படங்களில் மனிதக்குரங்கு ஒன்றின் உருவம் புகுத்தப்பட்டிருந்தது. அது சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. ஆயினும் 24 பேருள் 20 பேர் அதனைக் காணவில்லை. அவர்கள் திறமையற்றவர் அல்லர். கட்டியைத் தேடிய கண், தேடாததைக் காணவில்லை. அவ்வளவே.

இவ்வாய்வு செலாயாங் வாழ் மக்களுக்கு நெருக்கமானது. 1999-இல் தொடங்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதப் பதிவேட்டையும் படச்சுருளையும் விடுத்து, நோயாளர் பற்றிய செய்திகளையும் ஊடுகதிர்ப் படங்களையும் கணினிவழிப் பேணும் முறையை மலேசியாவில் முன்னோடியாக மேற்கொண்ட மருத்துவமனைகளுள் ஒன்று. ஒளித்திரையில் தோன்றும் படத்தை நோக்கி, 'இஃது இயல்பா? பிறழ்வா?' என்று நாள்தோறும் துணிய வேண்டிய பணி அங்கே நடைபெறுகிறது. ஆட்டத்தில் தவறினால் எண் சுழியத்திற்கு இறங்கும். இங்கே தவறினால் ஓர் உயிர் இடருறும். விளையாட்டில் நடுக்கம் தரும் அதே வினா, மருத்துவர் கையில் அறமாகிறது.

பொய்யெச்சரிக்கையின் தீங்கு

பிறழ்வைத் தவறவிடுவதன் தீங்கு எளிதிற் புலப்படும். இல்லாத பிறழ்வைக் காண்பதன் தீங்கு அவ்வளவு எளிதிற் புலப்படுவதில்லை. 1950-களில் உருவான அடையாளம் அறிதல் பற்றிய கோட்பாடு இவ்விரண்டையும் ஒருசேர அளக்கக் கற்பித்தது. ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றொன்று கூடும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். எல்லாவற்றையும் ஐயுறுபவன் எதையும் தவறவிடமாட்டான். ஆயின் அவன் ஓரடியும் முன்னேற மாட்டான்.

செலாயாங்கை அடுத்த கோம்பாக் மாவட்டச் சிற்றூர்களில் ஒன்றான கம்போங் லக்சமானாவில் 2012-இல் ஒரு பரபரப்பு எழுந்தது. உடலெங்கும் எண்ணெய் பூசிய கரிய உருவமாகிய 'ஓராங் மிஞாக்' நடமாடுவதாகச் சிலர் கூறினர். இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை அது. சென்னையிலிருந்து வந்து மலாய்த் திரையுலகில் புகழ்பெற்ற எல். கிருஷ்ணன் 1958-இல் அதே பெயரில் ஒரு படமும் இயக்கியுள்ளார். அச்சம் பரவிய ஊரில் ஒவ்வோர் ஓசையும் காலடியாகும்; ஒவ்வொரு நிழலும் உருவமாகும். இருளில் நடந்துவரும் அயலூரான் எவனாயினும் ஐயத்திற்கு உள்ளாவான். ஆட்டத்தின் நடைபாதையில் வீணே திரும்புபவன் இழப்பது எண்ணை மட்டுமே. ஊரில் வீணே ஐயுறுபவன் அண்டை மனிதனை இழக்கிறான்.

இதனினும் ஆழமான பாடம் செலாயாங்குக்கு மேற்கே, புக்கிட் லாகோங் மலையடியில் எழுதப்பட்டுள்ளது. 1926-ஆம் ஆண்டின் சட்டம் தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க வழிசெய்தது. அதனையொட்டி, டாக்டர் டிராவர்ஸ் என்பவரின் முயற்சியால் 1930-இல் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. தோலில் தோன்றும் வெளிறிய தழும்பு ஒன்றே மனிதனைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிரிக்கப் போதுமானதாயிற்று. தமிழர், மலாயர், சீனர் என்னும் வேறுபாடின்றி அங்கே பலர் வாழ்நாளைக் கழித்தனர். அங்குப் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர்.

தழும்பைக் கண்டது பிழையன்று. அறிந்த மருத்துவர் தழும்பின் நிறத்தோடு நில்லாமல், அவ்விடத்தில் தொடுவுணர்ச்சி உள்ளதா என்று தொட்டுச் சோதிப்பார். நோயெனத் துணிந்தபின் மருந்தளிப்பார். 1940-களிலேயே பயன்தரும் மருந்து வந்துவிட்டது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை நோயை முற்றிலும் குணப்படுத்தியது. பிழை வேறிடத்தில் இருந்தது. நோயின் குறியைக் கண்ட சமுதாயம், அக்குறி தாங்கிய மனிதனையே பிறழ்வெனக் கொண்டு திருப்பி அனுப்பியது. மருந்து வந்து நெடுநாளாகியும் அப்பார்வை உடனே மாறவில்லை. 'மாறுபட்டதைக் கண்டால் திரும்பிச் செல்' என்னும் விதி நடைபாதைக்குப் பொருந்தும். மனிதனுக்கு அதனைப் பொருத்தினால் அது கொடுமையாகும்.

ஏடு கற்பிக்கும் நெறி

கவனமும் வேண்டும், மிகையான ஐயமும் கூடாது எனின், இரண்டையும் ஒருங்கே பேணுவது எங்ஙனம்? தமிழாசிரியர்க்கு இவ்வினாவின் விடை தம் துறையிலேயே உண்டு. பனையோலைச் சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெளிவாக இரா. ரகரமும் காலும் ஒன்றாகவே தோன்றும். படியெடுத்தவர் செய்த பிழைகள் வேறு. இத்தகைய ஏடுகளைத் தொகுத்து ஒப்புநோக்கியே உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

அப்பணியில் இரு இடர்கள் இருந்தன. ஏட்டுப்பிழையைக் காணாது விட்டால் பொய்ப்பாடம் நிலைபெறும். வழக்கிறந்த அருஞ்சொல்லைப் பிழையெனக் கருதித் திருத்திவிட்டால் உண்மைப்பாடம் அழியும். நடைபாதையின் இரு தண்டனைகளும் இவையே. இவ்விரண்டிலிருந்தும் பதிப்பாசிரியரைக் காத்தவை யாப்பறிவு, உரையறிவு, பிற நூற்பயிற்சி, பல ஏடுகளை ஒப்பிடும் பொறுமை ஆகியவை. புரியாத சொல்லைக் கண்டவுடன் நீக்காமல், பொருள் விளங்கும்வரை காத்திருந்தமையால் எத்தனையோ தமிழ்ச்சொற்கள் பிழைத்தன.

பிறழ்வு காணும் ஆட்டத்தை விரும்பி ஆடும் மாணாக்கரை ஆசிரியர் கடிய வேண்டியதில்லை. கதவின் கைப்பிடி நகர்ந்ததைக் கண்டுபிடிக்கும் கண், கட்டுரையில் ஒற்று மிகாத இடத்தையும் கண்டுபிடிக்கும். செய்தியில் பொய் புகுந்த இடத்தையும் கண்டுபிடிக்கும். கருவி கொண்டு பொய்ப்படத்தையும் பொய்க்குரலையும் எளிதில் உருவாக்கும் இக்காலத்தில் அக்கண் பெரிதும் வேண்டப்படுவது. ஆயின் அதனோடு வேறொன்றையும் கற்பித்தல் கடமை. கண்டதும் திரும்பி ஓடாமல், கண்டது யாது என்று நின்று கேட்கும் துணிவே அது. ஐந்து நளருள் வேறுபட்ட ஒருவனைக் கண்ட தமயந்தி அஞ்சி விலகியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் வேறுபாட்டைக் கண்டாள். அதன் பொருளை உணர்ந்தாள். அதன் பின்னரே மாலை சூட்டினாள்.